வேட்டியும் விதிப்புத்தகமும்

அம்மா இறந்து ஏழு மாதத்தில் அப்பாவை யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்குக் கூப்பிட்டுக்கொண்டேன். எழுபதுகளின் நடுப்பகுதி. நான் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். வென்ட்வேர்த்வில்லில் ரயில் பாதையோரம் சின்ன வாடகை வீடு. முப்பது வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர், வந்த நாளிலிருந்து ஜன்னலோரக் கதிரையை விட்டு எழும்பவில்லை. நான் வேலையால் வந்தால் ஒரே செய்திதான் சொல்வார்: “நாலரை ரயில் ஆறு நிமிஷம் பிந்தித்தான் வந்தது.”

தோட்டம் செய்தால் மனம் தேறும் என்று மண்வெட்டி வாங்கிக் கொடுத்தேன். ஒரு குழி வெட்டினார். நின்று அதன் நீளத்தைப் பார்த்தார். “எனக்குப் படுக்க இது காணும்,” என்றார். மண்வெட்டியை ஒளித்து வைத்தேன்.

பக்கத்து வீட்டுக் கிழவர், புல்வெளியில் பந்து உருட்டி விளையாடும் தன் கிளப்புக்கு அப்பாவையும் அழைத்தார். ஒரே நிபந்தனை, முழு வெள்ளை உடுப்பு. காற்சட்டை வாங்கக் கடைக்கு வெளிக்கிட்ட என்னை அப்பா மறித்தார்.

“என்னட்டை வெள்ளை வேட்டி ஆறு கிடக்கு. பிறகேன் காற்சட்டை?”

கிளப் செயலாளர் வேட்டியைக் கண்டதும் வாசலை விட்டு விலகவில்லை. அப்பா கோபப்படாமல் விதிப்புத்தகத்தைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் போட்டு, முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். நான் வெட்கத்தில் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளை என்று இருந்தது. காற்சட்டை என்று எங்கும் இல்லை. போதாததற்கு ஒன்பதாம் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழையையும் காட்டிக் கொடுத்தார். செயலாளர் வழி விட்டார்.

அந்தப் பந்துகளில் ஒரு பக்கம் மற்றதைவிடப் பாரம் கூட. அப்பா விட்ட முதல் பந்து வளைந்துபோய்ப் பக்கத்து ஆட்டத்தைக் குலைத்தது. மாதக்கணக்கில் ரயிலைத் தவிர அதிகம் பேசாதவர் வீடு வரும்வரை ஓயாமல் பேசினார்.

“அது நேரை போகாது, பிள்ளை. அதின்ரை குணமறிஞ்சு கொஞ்சம் விலத்தி விடவேணும். கொம்மா மாதிரித்தான்.”

அம்மாவைப் பற்றி அப்படிச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குத்தான் கண் கலங்கியது.

அம்மாவின் முதல் வருஷ ஆட்டைத் திவசம் போட்டி நாளில் வந்தது. அப்பா விடிய எழும்பி, தானே சமைத்து, அம்மாவின் படத்துக்கு முன் படைத்தார். பதினொரு மணிக்குப் பார்த்தால் காலில் வெள்ளைச் சப்பாத்தைப் போடுகிறார்.

“அப்பா, இண்டைக்குமா?”

“கொம்மா சாப்பிட்டிட்டா. இனி நான் வீட்டிலை நிண்டால் அவவுக்குத்தான் கரைச்சல்.” படத்தைப் பார்த்து, “போயிட்டு வாறன்,” என்றார்.

அன்றைக்குப் படுதோல்வி. கத்தரிக்காய்க் கறி ருசியாய் அமைந்துவிட்டதாம். வயிறு முட்டிக் குனிய முடியவில்லையாம்.