விழுவதற்கு ஒரு தரை

நான் செய்கிற தரையில் விழுந்தால் அடிபடாது. இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. பழைய டயரை அரைத்த ரப்பர் துகளைப் பசையோடு பிசைந்து, சூட்டு அச்சில் அழுத்தி, நான்கு ஓரமும் பல் வைத்த பலகைகளாக எடுக்கிறோம். ஒன்றின் பல் அடுத்ததன் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆணி வேண்டாம், சிமெண்ட் வேண்டாம். அச்சின் படம் போடுவது நான், அச்சை ஓட்டுவது என் தம்பி. தாராவியில் எங்கள் சந்துக்குள் வந்து டயர்க்கார அக்கா என்று கேட்டால் வழி காட்டுவார்கள். ரப்பர் டிப்ளமோ வாங்கியவளை இப்படிக் கூப்பிடுகிறார்களே என்று முதலில் கோபம் வந்தது. இப்போது பழகிவிட்டது.

அந்த மழைக்காலத்துக்கு முன்னால் ஒருநாள், மாட்டுங்காவில் குடியிருக்கும் ஒரு அம்மா எங்களைத் தேடி வந்தார். செம்பூரில், நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றில் அவர் பிசியோதெரபிஸ்ட். பட்டறைச் சூட்டில் வியர்த்து ஊற்ற, ஸ்டூலில் உட்காராமலே பேசினார்.

"இங்க பாருங்கோ, எங்க ஸ்கூல்ல அழகா ஒரு விளையாட்டு மைதானம் இருக்கு. ரெண்டு வருஷமா பூட்டு தொங்கறது. ஒரு பையன் விழுந்து, அவனுக்கு நெத்தியில தையல் போடும்படி ஆச்சு. அன்னிக்குப் பூட்டினவர்தான் எங்க டிரஸ்டி. இன்னும் திறக்க மாட்டேங்கறார்."

"தரை என்ன தரை?" என்று கேட்டேன்.

"சிமெண்ட் கல்."

"சிமெண்ட் கல்லப் போட்டு அதுக்கு மேல ஊஞ்சல் மாட்டியிருக்காங்களா? நல்ல புத்தி!" என்றேன். அவர் சிரித்துவிட்டார். எங்களுக்குள் அப்போதே ஒத்துப்போய்விட்டது.

அளவெடுக்கப் போன அன்று, பூட்டிய கிரில் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி நின்றிருந்தாள். ஒன்பது வயது. இரண்டு காலிலும் காலிபர்: இடுப்பு வரை இரும்புக் கம்பி, தோல்வார், கீழே கனத்த பூட்ஸ். தேவ்நாரிலிருந்து தினமும் பஸ்ஸில் அவளைத் தூக்கி வருகிற அம்மா பக்கத்திலேயே நின்று, ஒரு கையால் மகளின் இடுப்பைப் பிடித்திருந்தாள். நான்கு வீட்டில் சமையல் வேலை செய்கிறவள். பேச்சைக் கேட்டதுமே எங்கள் திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்துவிட்டது.

சிறுமி என் கையிலிருந்த டேப்பைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "ஆன்ட்டி, தாலா தொறக்கப் போறது நீங்கதானா?"

தாலா என்றால் பூட்டு. "ஆமா, நான்தான்" என்றேன்.

"பக்கா?"

"பக்கா. கணபதி லீவு முடிஞ்சு வாறப்ப நீ ஊஞ்சல்ல இருப்ப."

வாய்க்கொழுப்புக்கு எங்கள் குடும்பத்தில் பஞ்சமே கிடையாது. ஆனாலும் அன்றைக்கு நான் சும்மா சொல்லவில்லை. முடியும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

சறுக்குமரம் எவ்வளவு உயரமோ அதற்கேற்ற கனம் தரைக்கு வேண்டும். அதில் கஞ்சத்தனம் கூடாது. பலகையின் அடியில் குட்டிக் குட்டிக் கால்கள் வைத்தேன். மேலே எடை விழும்போது அவை நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும், இடைவெளி வழியாக மழைத் தண்ணீரும் ஓடிவிடும். தலையளவு இரும்பு உருண்டைக்குள் மீட்டர் வைத்த ஒரு கருவியை வாடகைக்கு எடுத்து, ஏணி மேலிருந்து திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். தேறியது. மும்பை மழையில் வழுக்கக்கூடாது என்று மேற்பரப்பு முழுக்கப் பொட்டுப் பொட்டாக மேடு வைத்தேன். அந்தப் பொட்டுகள் மேல் எனக்கு ஒரே பெருமை. சந்தில் யார் வந்தாலும் நடந்து பாருங்கள் என்று சொல்வேன். பக்கத்துப் பட்டறைக்காரர்கள், டீ கொண்டு வருகிறவர், கிரிக்கெட் ஆடுகிற பட்டாளம் என்று எல்லாரும் நடந்தார்கள். பலகையை நனைத்துவிட்டும் நடந்தார்கள். உள்ளங்காலுக்கு என்ன சுகம் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மழைக்கு நடுவே வெயிலடித்த ஒரு வாரத்தில் தரையைப் போட்டு முடித்தோம். டிரஸ்டி கைத்தடியோடு வந்து நின்றார். பிள்ளைகள் வகுப்பு ஜன்னல்களில் முண்டியடித்தார்கள். அம்மா கையை விட்டாள், சிறுமி கேட்டிலிருந்து ஊஞ்சலுக்குக் கிளம்பினாள்.

நான்காவது அடியில் விழுந்தாள்.

தூக்கி நிறுத்தினார்கள். மூன்று அடி போனதும் மறுபடி விழுந்தாள். காயம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, ஒரு சிராய்ப்புகூடக் கிடையாது. அந்த மடத்தனமான சந்தோஷத்தில் நான் கத்தினேன், "பாத்தீங்களா! ஒரு கீறல் இருக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. "யே நஹீ சலேகா" என்றார் டிரஸ்டி. இது சரிப்படாது, அவ்வளவுதான். அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மனிதர் கண் கலங்க நின்றதுதான் என் வாயை அடைத்தது. பிசியோ அம்மா கெஞ்சியதில் இன்னொரு தடவை பார்க்கச் சம்மதித்தார். கணபதி லீவுக்குப் பிறகு ஒரே முறை. அன்றும் ஊஞ்சலுக்குப் போகும் வழியில் இவள் விழுந்தால் பூட்டு பூட்டுதான், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.

சிறுமி அம்மாவின் தோளில் இருந்தபடி என்னைக் கேட்டாள். "ஆன்ட்டி, நான் சரியா நடக்கலையா?"

அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

திரும்பும் வழியெல்லாம் தம்பியிடம் பொருமிக்கொண்டே வந்தேன். "சந்து பூரா நடந்துச்சே, ஒருத்தராவது தடுக்கினாங்களா? பொட்டுல என்னல குத்தம்?"

அவன் பஸ் கம்பியைப் பிடித்தபடி நிதானமாகச் சொன்னான். "ஏக்கா, எல்லாரும் வெறுங்கால்லலா நடந்தாவ."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பட்டறையில் செருப்பு வாசலோடு சரி. சோறு போடுகிற இடம், அங்கே செருப்புக் காலோடு நுழைய மாட்டோம். செய்து முடித்த சரக்கு மேல் தவறிக் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். வருகிறவர்களும் கேட்காமலே வெளியில் கழற்றிவிடுவார்கள். செருப்போடு ஒருவர், பூட்ஸோடு ஒருவர் என்று அந்தத் தரையில் ஒரு ஆள் நடக்கவில்லை. வெறுங்கால் மேட்டைக் கண்டால் விரலை மடக்கி ஏறிவிடும். காலிபர் போட்ட பிள்ளை காலைத் தூக்க முடியாமல் இழுத்து அல்லவா நடக்கிறது! நான் ஆசை ஆசையாக வைத்த ஒவ்வொரு பொட்டும் அந்த பூட்ஸின் முனையைப் பிடித்து இழுத்திருக்கிறது. இத்தனை படித்து என்ன, அந்தப் பிள்ளையின் காலை நான் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் போய், அவள் நடப்பதை ஒரு மணி நேரம் பார்த்தேன். பிசியோ அம்மாவிடம் பெரியவர்கள் போடும் பழைய காலிபர் ஒரு ஜோடி கேட்டு வாங்கி வந்தேன். பட்டறையில் ஏழெட்டுப் பலகையைக் கோத்துப் போட்டுவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து வாரை இறுக்கினேன். தம்பி முகத்தில் ஈயாடவில்லை.

"தொழில் மேல பூட்ஸ் காலோட ஏறப் போறியாக்கா? வெளங்குமா?"

"வெளங்கலன்னா நான் பாத்துக்கிடுதேன். நீ தள்ளு."

அவன் போய், சாமி படத்துக்கு முன்னால் ஒரு துண்டைத் தொங்கவிட்டு வந்தான். நான் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஏறினேன். இரண்டாவது அடியில் குப்புற விழுந்தேன். தம்பி பதறி ஓடி வந்தான், பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டான். "போதும் சிரிச்சது, நீ போட்டு நட" என்றேன். அவனும் விழுந்தான். அவன் விழுந்தது பொட்டால் அல்ல, இரண்டு பலகை சேருகிற இடத்தில் ஒரு பல் மயிரிழை உயர்ந்து நின்றதால். அந்த மயிரிழையும் எங்கள் வெறுங்காலுக்குத் தெரியவே இல்லை.

பொட்டு அத்தனையும் போனது. மேற்பரப்பைச் சமமாக்கி, வழுக்காத அளவுக்குச் சொரசொரப்பு மட்டும் வைத்தேன். பல்லின் மேல் விளிம்பைச் சாய்வாகச் சீவினேன். பலகை எழும்பாதிருக்க, பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியாமல் முளை கொடுத்துக் கோத்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நானும் அவனும் மாறி மாறிக் காலிபர் போட்டு நடந்தோம், காய்ந்த பலகையிலும் நனைந்த பலகையிலும். ஒரு வாரம் இரண்டு பேருக்கும் இடுப்பு ஒடிந்தது. கடைசி இரண்டு நாள் ஒருவரும் தடுக்கி விழவில்லை. அப்புறம்தான் தம்பி சாமி படத்துத் துண்டை எடுத்தான். லீவிலேயே பள்ளியில் பழைய பலகைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போட்டு முடித்தோம்.

லீவு முடிந்த திங்கட்கிழமை அதே ஆட்கள், அதே ஜன்னல்கள். என் தரை மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. சிறுமி கிளம்பினாள். நான்காவது அடி போனது. பலகைகள் சேருகிற இடங்களையும் தாண்டினாள். நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். ஊஞ்சல் கம்பத்தைப் பிடித்தாள். பிசியோ அம்மா என் கையை நசுக்கிவிட்டார்.

அப்போது அவள் கம்பத்தை விட்டுவிட்டுத் தொப்பென்று விழுந்தாள்.

"ஐயோ!" என்று அவள் அம்மா பாய்ந்தாள். டிரஸ்டி கண்ணை மூடிக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நானும் ஓடினேன்.

"தூக்காதம்மா!" என்று கத்தினாள் சிறுமி. "நானாத்தான் விழுந்தேன். வலிக்கவே இல்ல. பயமே இல்லாம பிந்தாஸா விழலாம்மா!"

அம்மா நீட்டிய கையோடு அப்படியே நின்றாள். பிள்ளை சொன்னதை பிசியோ அம்மா ஹிந்தியில் டிரஸ்டிக்குச் சொன்னார். அவர் கைத்தடியை ஊன்றி மெல்லக் குனிந்து, உள்ளங்கையால் தரையை அழுத்திப் பார்த்தார். நிமிர்ந்ததும் ஜன்னல்களைப் பார்த்து, வாருங்கள் என்று கை காட்டினார்.

சிறுமி இன்னும் எழுந்தபாடில்லை. குப்புறப் புரண்டு, கையை ஊன்றி, கம்பத்தை எட்டிப் பிடித்து, பாதி எழுந்து சறுக்கி, மறுபடி ஊன்றினாள். இரண்டு தடவை அவள் அம்மாவின் கை தானாக முன்னால் போனது, இரண்டு தடவையும் இழுத்துக்கொண்டாள். மூன்றாவது முறை பிள்ளை நிமிர்ந்து நின்றாள்.

"ஒம்பது வருசத்துல இன்னைக்குத்தான் விழுந்தவள நான் தூக்கல" என்று சொல்லிவிட்டு, அவள் அம்மா அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.