வெளிநாட்டுத் தங்கை உள்ள வீடு

அயர்லாந்துக்கு வந்து ஆறு வருடமாகியும் ஒன்று பழகவில்லை. இங்கே எல்லோரும் நடுத்தர வர்க்கம். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு கருத்துக்கணிப்புத் தாள் கொடுத்தார்கள். இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் மேலாளர் மேரி 'நடுத்தரம்' என்று குறித்தாள். தரை துடைக்கும் போலந்துக்காரியும் அதையே குறித்தாள். நானும்தான். அடுத்த பக்கத்தில் வருமானம் கேட்டிருந்தது. என் சம்பளம் கீழ்க்கட்டத்தில் விழுந்தது. வெட்கமாக இருந்தது. "ஊரில், மலையில் எங்களுக்கு நிலம் உண்டு" என்றேன். "மலையிலா? அப்படியானால் நீ பணக்காரி!" என்றாள் மேரி. அவள் நினைத்தது பள்ளத்தாக்கைப் பார்த்த பங்களா. எங்களுடையது கொல்லிமலையில், எடப்புளி நாடு என்கிற சிற்றூர்ப் பகுதியில் மரவள்ளி போட்ட ஒரு சரிவு.

அன்று சிரித்துவிட்டேன். போன மாதம் கொல்லிமலைக்குப் போனபோது சிரிப்பு வரவில்லை. மிளகு பறிக்க மரமேறிய அக்கா வீட்டுக்காரர் விழுந்து இடுப்பு போய்விட்டது. அக்கா கூலிக்குப் போகிறாள். நான் அனுப்புவது மாமாவின் மருந்துக்கே சரியாகிறது. அரசு வீட்டுக்கு மனுப் போட்டால் ஏழைகள் பட்டியலில் அவள் பெயரில்லை. ஏனென்று கேட்க அவளோடு ஆபீசுக்குப் போனேன்.

"தங்கச்சி பாரின்ல இருக்கறாங்கன்னு எழுதியிருக்குதுங்க. வசதியான குடும்பம்" என்றார் எழுத்தர்.

"ஊடு ஒழுகுறத எழுதலீங்களா?" என்றாள் அக்கா.

நான் சம்பளச் சீட்டை நீட்டினேன். அங்கே நான் மூன்று பேரோடு ஒரே அறையில் இருப்பதைச் சொன்னேன். அவர் சீட்டைத் தொடவில்லை.

"பாரின்ல ஏழையா? வெளையாடாதீங்க."

அப்போது மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். கீழே தோப்பு, மேலே மிளகுத் தோட்டம் உள்ளவர். மகளின் உதவித்தொகைக்கு வருமானச் சான்று வேண்டுமாம். "நாங்களெல்லாம் நடுத்தரந்தானுங்களே, ஒண்ணும் கட்டுபடியாகறதில்ல" என்றார். எழுத்தர் தலையாட்டி நாற்காலியை இழுத்துப் போட்டார். அவரிடம் யாரும் சாட்சி கேட்கவில்லை. காலையிலிருந்து நின்றுகொண்டிருந்த அக்காவுக்கு நாற்காலி கிடையாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தோப்பு வெச்சிருக்கறவரு வாயால சொன்னா நம்புவீங்க. இவ கூரைய வந்து பாக்கக்கூட மாட்டீங்களா?" என்று கத்தினேன். உள்ளேயிருந்து அதிகாரி எழுந்து வந்தார். திங்கட்கிழமை ஆள் வந்து வீட்டைப் பார்க்கும் என்றார்.

ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். வீட்டுக்கு நடக்கும்போது அக்கா மெல்லச் சொன்னாள்:

"அவங்க வாரப்ப நீ இருக்க வேண்டாங் கண்ணு. உன்னயப் பாத்தா எனக்கு ஊடு தர மாட்டாங்க."

அவள் மேல் கோபப்பட முடியவில்லை. அவளை அப்படிச் சொல்ல வைத்தவர்கள் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸில் கீழே இறங்கினேன். காரவள்ளியில், மலைப்பாதை தொடங்கும் இடத்தில் நின்று பகலெல்லாம் மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே அக்கா, தங்கை என்று ஒருத்தி பிறக்கவேயில்லை என்பதுபோல, தன் வீட்டைத் திறந்து காட்டிக்கொண்டிருந்திருப்பாள்.