பகல் தூக்கத்துக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்

எங்கள் வீட்டில் சமையலறையை விட்டால் ஒரே அறைதான். அந்த அறையில் பகலெல்லாம் என் கணவர் தூங்க வேண்டும், நான் வேலை செய்ய வேண்டும். போன வருஷம் புரட்டாசியில் அவருடைய கம்பெனியில் நிரந்தரமாக நைட் ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் ஐந்தரைக்குக் கம்பெனி வேன் தெருமுனையில் வந்து நின்று ஹார்ன் அடிக்கும். அவர் ஏறிப் போவார். மறுநாள் காலை எட்டு மணிக்கு அதே வேன் கொண்டுவந்து இறக்கிவிடும். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுப்பார். நான் எதிரே கம்ப்யூட்டரைப் போடுவேன்.

என் வேலை கல்யாண ஆல்பம் செய்வது. உத்திரமேரூரிலும் காஞ்சிபுரத்திலும் இருக்கும் மூன்று ஸ்டுடியோக்காரர்கள் தாங்கள் எடுக்கிற படங்களை என்னிடம் கொடுத்தனுப்புவார்கள். ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் படம் வரும். அதில் பாதி, பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தைக் கடிக்கிற மாமாக்கள். அவர்களையெல்லாம் தள்ளிவிட்டு, பெண்ணும் மாப்பிள்ளையும் நன்றாக விழுந்திருக்கிற படங்களைப் பொறுக்கிப் பக்கம் பக்கமாக அடுக்க வேண்டும். எனக்கு இந்த வேலை பிடிக்கும். கல்யாணமாகி வந்த வீட்டில் எல்லாமே ஏற்கெனவே யாருடையதாகவோ இருந்தது. இந்த வேலை ஒன்றுதான் நானாகக் கற்று நானாகச் சேர்த்தது.

என் கம்ப்யூட்டருக்குள் இரண்டு டிஸ்க் உண்டு. மிஷின் ஓடுவதற்குச் சின்னதாக ஒரு எஸ்எஸ்டி. அதற்குள் சுற்றுகிற சாமான் எதுவும் கிடையாது, அதனால் சத்தமும் கிடையாது. ஆனால் ஊரில் நடக்கிற அத்தனை கல்யாணத்தையும் அதில் அடைக்க முடியாது. அவ்வளவு பெரிய எஸ்எஸ்டி வாங்க வேண்டுமென்றால் நான் மண்டபம் வைத்து நடத்துகிறவளாக இருக்க வேண்டும். ஆகவே படங்களெல்லாம் தட்டு சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. அதுதான் சத்தம் போட்டது.

முன்னெல்லாம் அப்படிப் போட்டதில்லை, அல்லது நான் கவனிக்கவில்லை. ஐப்பசியில்தான் அது ஆரம்பித்தது. படத்தைத் தேடும்போது கறுக் கறுக்கென்று ஒரு சத்தம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு அடியில், பக்கத்துத் தெருவில் ரைஸ் மில் ஓடுகிற மாதிரி ஓயாத ஒரு ரீங்காரம். அது காதில் கேட்பதைவிடத் தரையிலும் சுவரிலும் அதிகம் தெரிந்தது. நாளாக நாளாக அது வளர்ந்துகொண்டும் வந்தது. அவர் இந்தப் பக்கம் புரண்டு, அந்தப் பக்கம் புரண்டு, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு படுத்திருப்பார். தூங்குகிறாரா என்று கேட்டால், "தூங்கினுதான் கீறேன்" என்று துண்டுக்குள்ளிருந்து பதில் வரும். தூங்குகிறவன் பதில் சொல்வானா?

அவர் போன பிறகு ராத்திரியில் செய்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். கேட்காதவர்கள் பாக்கியில்லை. செய்து பார்த்தேன். பெண் வீட்டார் ஸ்டுடியோவில் வந்து உட்கார்வது காலை பத்து மணிக்கு. "அத்தைய கொஞ்சம் முன்னாடி போடுங்க, சித்திய எடுத்துடுங்க" என்று எதிரே உட்கார்ந்துகொண்டு போன் போடுவார்கள். மாற்றின பக்கத்தை அங்கேயே பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். இரவும் விழித்து பகலும் விழித்து, பத்தே நாளில் மகளின் டிபன் டப்பாவில் சாதத்தை வைத்துவிட்டுக் குழம்பை வைக்காமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். அதோடு அந்த யோசனை முடிந்தது.

கம்ப்யூட்டர்மேல் போர்வையைப் போர்த்திப் பார்த்தேன். அரைமணி நேரத்தில் சூடேறித் தானாக அணைந்துபோனது. கீழே தரையில் வைக்கலாமென்றால் எலி. அதற்கு முந்தின மாசியில் ஒரு எலி பின்னால் புகுந்து வயரைக் கடித்துப்போட்டதிலிருந்துதான் பெட்டியை நெல் கொட்டி வைக்கும் தகரத் தொட்டியின் மூடிமேல் தூக்கி வைத்திருந்தேன். இடுப்பளவு உயரம், எலி ஏற வழவழப்பு விடாது. நெல் எடுக்க வேண்டுமென்றால் தொட்டியின் அடியில் சின்னக் கதவு உண்டு. அதனால் மேலே இருக்கிற பெட்டியை அசைக்க வேண்டிய வேலையே வரவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்ட ஏற்பாடு அது.

கார்த்திகையில் ஒரு காலை அவர் வேனிலிருந்து இறங்கும்போது வலது கை கட்டைவிரலில் பெரிய கட்டு. பிரஸ் மிஷினில் தகடு வைக்கும்போது தகட்டின் விளிம்பு கிழித்துவிட்டதாம். மூன்று தையல்.

"எப்படி ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல. ஒரு நிமிசம் கண்ண இஸ்துக்கினு போச்சி."

அவ்வளவுதான் சொன்னார். கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ அதை நிறுத்து என்று ஒருமுறை கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி மனசு ஆறியிருப்பேன். அந்தக் கட்டைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தகடு என்பதால் விரலோடு போயிற்று. அடுத்த முறை மிஷின் இறங்குகிற நேரத்தில் கண்ணை இழுத்தால்? தை மாதம் முடிவதற்குள் சத்தம் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் கம்ப்யூட்டரை விற்றுவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், "உன் வேலைய நீ பாரு" என்பார்.

மறு வாரம் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் பொறுமைசாலி, ஆனால் வாய்க்காரர்.

"சத்தமே போடாத ஹார்ட் டிஸ்க் வேணும்ண்ணா" என்றேன்.

"எல்லாரும் ஸ்பீடு கேப்பாங்க, சைஸு கேப்பாங்க. நீ இன்னாமா, மருமவ பாக்குற மாதிரி வாயே தொறக்காத டிஸ்க்கா கேக்குற?"

விரல் கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மூன்று டிஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்தார். வேகமாகச் சுற்றுகிறது ஒன்று, மெதுவாகச் சுற்றுகிறது ஒன்று, கடைகளில் கேமராவுக்கு மாட்டுகிற, ராப்பகல் நிற்காமல் ஓடும் ரகம் ஒன்று. மெதுவாகச் சுற்றுகிறதுதான் சத்தம் கம்மி, படம் திறக்க ஒரு நொடி கூட ஆகும் என்றார். என் பழைய டிஸ்க்கைப் பற்றிக் கேட்டதற்கு, சாகப்போகிற டிஸ்க்கும் இப்படித்தான் சத்தம் போடும் என்றும் சொல்லிவைத்தார். அடுத்தவர் வீட்டுக் கல்யாணமெல்லாம் அதற்குள் இருக்கிறது.

"போட்டுக் காட்டுங்க, கேட்டுட்டுதான் வாங்குவேன்."

"இங்கயா?" என்று வாசலைக் காட்டினார். வெளியே நாலு பஸ் ஒரே நேரத்தில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன.

நான் விடவில்லை. கடைக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்த குடோனுக்குள் ஒரு மிஷினைக் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னேன். ஃபேனை நிறுத்தச் சொன்னேன். மூன்றையும் ஒவ்வொன்றாக மாட்டினார். நான் தரையில் பாயில் படுக்கிறவர் உயரத்துக்குக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. முதலாவது கடகடத்தது. கேமரா ரகம் பரவாயில்லை. மெதுவாகச் சுற்றுகிறதை மாட்டியபோது, "எப்ப போடுவீங்க?" என்று கேட்டேன். "போட்டு ரெண்டு நிமிசம் ஆவுது தாயே" என்றார். அதையே வாங்கினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், குழந்தையைக் கூட அப்படித் தூக்கி வந்ததில்லை.

அன்று சாயங்காலம் வேன் போன பிறகு மாட்டி, இருந்த படங்களையெல்லாம் அதற்குள் மாற்றி, பழையதைக் கழற்றி வைத்தேன். கறுக் கறுக் போய்விட்டது. ஐந்து நிமிஷம் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆறாவது நிமிஷம் காதைத் தீட்டிக் கேட்டபோது அந்த ரைஸ் மில் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். சுவரில் கை வைத்தேன், அதிர்ந்தது.

அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில் வருகிற அழுகை. கடைக்காரருக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி கேட்டேன்.

"அந்த டிஸ்க்கு கத்தாதும்மா. நீதான கேட்டுப் பாத்து வாங்குன? வூட்டுல வேற எதுனா ஆடுது பாரு."

"எங்க வூட்டுல ஒண்ணும் ஆடல" என்று போனை வைத்தேன். அந்த மனுஷன் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். எனக்குக் கோபம் வந்தால் காது அடைத்துக்கொள்ளும்.

தை பிறந்தது. ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம், மாசி முகூர்த்தத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். வீட்டில் வேலை ஜாஸ்தி என்றேன். மற்ற இரண்டு பேரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

தை கடைசியில் ஏரிப் பாசனத்தில் எங்களுக்கு இருக்கிற அரை ஏக்கர் அறுப்பு முடிந்தது. சாப்பாட்டுக்கு வைக்கிற நெல்லை மட்டும் காயவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் வேனை விட்டு இறங்கியதும் நேரே களத்துக்குப் போய்விட்டிருந்தார். நெல்லைச் சுமந்துகொண்டு வந்தது, ஏரிக்கரையோரத்து இருளர் குடியிருப்பிலிருந்து எங்களுக்குக் களத்து வேலை செய்ய வரும் பெண். என் வயதுதான். தலையில் அரை மூட்டை நெல்லோடு உள்ளே வந்து, "தொட்டியத் தொறக்கா" என்றாள்.

தொட்டியைத் திறக்க வேண்டுமென்றால் மேலேயிருக்கிற பெட்டியை எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு கல்யாணம் முழுக்க பென்டிரைவுக்கு ஏறிக்கொண்டிருந்தது. அணைத்தால் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். வயர் எட்டுகிற மட்டும் தூக்கிப் பிடித்துக்கொள்வோம் என்று ஓடுகிற பெட்டியை அப்படியே இரண்டு கையாலும் தூக்கினேன்.

ரைஸ் மில் நின்றது.

மிஷின் அணைந்துவிட்டதென்று பதறித் திரையைப் பார்த்தேன். இல்லை, படங்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தன. மறுபடி தகரத்தின்மேல் வைத்தேன். ரைஸ் மில். தூக்கினேன், நின்றது. வைத்தேன், ஓடியது.

"யக்கா, எனக்குத் தலைல மூட்ட கீது. நீ பொட்டியத் தூக்கித் தூக்கி வெளாடினு கீற."

"ஏ, இங்க கேளேன். சத்தம் எதுல வருது?"

அவள் ஒரு கையால் மூட்டையைப் பிடித்துக்கொண்டு, மறுகையின் விரலால் தொட்டியின் வயிற்றில் தட்டினாள். டங் என்றது.

"காலித் தகரம் கத்தாம இன்னா பண்ணும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிற்கமுடியாமல் சுவரில் சாய்ந்து சிரித்தேன். மாசியில் பெட்டியை மேலே வைத்தபோது தொட்டி வாய்வரை நெல். அப்போது சத்தமில்லை. அடிக்கதவைத் திறந்து படி படியாக நான்தான் எடுத்து அரைத்துச் சோறாக்கினேன். ஐப்பசிக்குள் முக்கால் தொட்டி காலி. டிஸ்க் சுற்றுகிற சின்ன அதிர்வைத் தகரம் வாங்கி வீடெல்லாம் முழக்கியிருக்கிறது. நாங்கள் சாப்பிடச் சாப்பிட அது சத்தம் போட்டிருக்கிறது. நான் காஞ்சிபுரம் குடோனில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்!

ஆறு நடையில் தொட்டி நிறைந்தது. மூடியைப் போட்டு, அடுத்த ஐப்பசிக்கும் சேர்த்து ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்தேன். புது டிஸ்க் ஓடுவதே தெரியவில்லை. அந்தச் செலவும் வீணில்லை. பழைய டிஸ்க்குக்கும் ஒரு சாவும் வரவில்லை, இப்போது எல்லாக் கல்யாணத்துக்கும் இன்னொரு பிரதி அதில் இருக்கிறது. ஆனால் கடைக்காரருக்கு நான் இன்னும் போன் போடவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போடுவது?

அவர் பத்தரை மணிக்குக் களத்திலிருந்து வந்தார். சாப்பிட்டார், துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு படுத்தார். நான் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்து, மவுஸைக்கூட அமுக்கி அமுக்கிப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் துண்டு நழுவியது. அதன் பிறகு ஒரு குறட்டை கிளம்பியது பாருங்கள், எந்த டிஸ்க்கும் அந்தச் சத்தம் போட்டிருக்காது. நாலு மாதமாக அந்தக் குறட்டையை நான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தையல் பிரித்த கட்டைவிரல் பாயில் விரிந்து கிடந்தது. சமையலறைக்குள் போய், வேறு ஆளைப் பார்க்கச் சொல்லியிருந்த ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டு, மாசி முகூர்த்தம் எனக்கே இருக்கட்டும் என்று ரகசியக் குரலில் சொன்னேன். தொண்டை கட்டிக்கொண்டதா என்று கேட்டார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைத் தொப்பென்று போட்டாள், அதற்கும் எழுந்திருக்கவில்லை. ஐந்தேகால் ஆயிற்று. எழுப்பத்தான் வேண்டும். கை நீட்டினேன், மனசு வரவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றுகொண்டிருக்கும்போதே தெருமுனையில் வேன் திரும்புகிற சத்தம் கேட்டது. அடுத்தது ஹார்ன்தான்.

செருப்பைப் போடாமல் ஓடினேன். இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறவளைப் பார்த்து டிரைவர் பயந்துபோய் பிரேக்கை மிதித்தார்.

"இன்னாக்கா, இன்னா ஆச்சு?"

"ஹார்ன் அடிக்காத நைனா. அஞ்சு நிமிசம் நில்லு, நானே எழுப்பி இட்டாறேன். தூங்கினு கீறாரு."

வேனுக்குள் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்கள். எல்லோருமே பகலில் தூங்க வேண்டியவர்கள். எல்லோர் கண்ணும் சிவந்திருந்தது. டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பின் சீட்டிலிருந்து ஒருவர்தான் சொன்னார்:

"நிறுத்துப்பா. பத்து நிமிசம் தூங்கட்டும். குடுத்து வெச்சவன்."

டிரைவர் ஹார்னிலிருந்து கையை எடுத்துவிட்டு இன்ஜினையும் அணைத்தார்.