நெஸ்டருக்கு மட்டும் தெரிஞ்ச ஓட்டு

பிலிப்பீன்ஸ் பிரசிடென்ட் குடும்பத்தோட ஹெலிகாப்டர் ஏறி ஓடிப்போன வருஷம். எங்க எஸ்டேட்ல ரப்பர் மரத்தையெல்லாம் சாச்சுட்டு செம்பனை நட்டதும் அதே வருஷம்தான்.

அந்த வருஷக் கடைசியில ஈப்போவுக்கு வந்த பிலிப்பீன்ஸ்காரர் நெஸ்டர்... இன்னிக்கு காலைல போயிட்டார். தூக்கத்துலயே. அவர் சம்சாரம் செல்வி போன் பண்ணுச்சு.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும். நான் பேசுறேன், போன் எழுதிக்குது. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

ஹோட்டல் லவுஞ்ச்ல டிரம்ஸ் அடிக்க வந்தவர். பேண்டு கலைஞ்சதும் மத்தவங்க ஊருக்குப் போயிட்டாங்க. இவர் நம்ம புந்தோங் பொண்ணக் கட்டிக்கிட்டு, ஏர்கோன் ரிப்பேர் பண்ணிக்கிட்டு இங்கயே இருந்துட்டார்.

தமிழ் செல்விகிட்ட கத்துக்கிட்டது. அது அவரக் கூப்பிடுற மாதிரியே அவரும் எங்க எல்லாரையும் "என்னங்க"ன்னுதான் கூப்பிடுவார்.

லோரி ஓட்டுற ஆறுமுகத்துக்குக் கூச்சம். "டேய், என்னய என் பொண்டாட்டிதான் அப்படிக் கூப்பிடணும்லா."

"கூப்பிடுறாங்களா, என்னங்க?"

காதர் பாய் டீக்கடை முழுக்க சிரிச்சுது. கல்லாவுல இருந்த காதர் பாய் கண்ணாடியக் கழட்டி கண்ணத் தொடச்சார்.

எலக்ஷன் அன்னிக்கு எல்லாரும் ஸ்கூலுக்கு ஓட்டுப் போடப் போயிடுவாங்க. கடை மூலை மேசையில நானும் நெஸ்டரும் மட்டும். அவர் வெளிநாட்டுக்காரர். நான் மலேசியாவுல பொறந்து இங்கயே ரப்பர் பால் வெட்டுனவன்... ஆனா பொறப்பு பதியல. குடியுரிமை இல்லாதவங்களுக்குக் குடுக்குற சிவப்பு ஐசி. ஓட்டு கிடையாது.

"மேசைக்கு நாம ரெண்டு பேரும் ஜாகா, காவக்காரங்க, என்னங்க"ன்னு சொல்லுவார். நான் சிரிச்ச மாதிரி இருப்பேன்.

அவராவது அவங்க நாட்டு எலக்ஷனுக்கு பஸ் ஏறி கோலாலம்பூர் எம்பசிக்குப் போய் போட்டுட்டு வருவார். எனக்குப் போறதுக்கு எம்பசியும் இல்ல.

அப்புறம் அந்த வருஷம். ஓடிப்போனவரோட மகனே பிரசிடென்ட் ஆனார்.

நெஸ்டர் தே தாரிக் டீய ஆறவிட்டுட்டு உக்காந்திருந்தார். வாலிபத்துல அவரும் அவங்க அக்காவும் அந்த அப்பன விரட்ட ராணுவ டாங்கிக்கு முன்னாடி ரோட்டுல நின்னவங்க. அக்கா கையில ஜெபமாலை, இவர் கையில ரேடியோ. அதே அக்கா இப்ப மகனுக்கு ஓட்டுப் போட்டிருக்கு.

"உங்க நாட்டுக்காரன் மொத்தப் பேரையும் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்"னான் ஆறுமுகம்.

"இடம் இருக்கா, என்னங்க? உங்க ஆளுங்களே அங்க நிறைய பேர்."

சொல்லிட்டு சிரிக்கல. "அக்காவுக்குப் போன் பண்ண வெக்கமா இருக்கு. அவ பண்ணதுக்கு எனக்கு வெக்கம்"னார்.

நானும் சேர்ந்துதான் பேசினேன். ஓட்டு கையில இருந்தும் இப்படியா வீணாக்குவாங்க... எனக்கு ஒண்ணு கிடைச்சா தெரியும்னு சொன்னேன். நல்லா சத்தமாவே சொன்னேன்.

அதே வருஷம் எனக்குக் குடியுரிமை வந்து நீல ஐசி கிடைச்சு, ஓட்டும் வந்துச்சு.

மழை பெய்ஞ்ச அன்னிக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போனேன். மை வெச்ச விரல நீட்டிக்கிட்டு நான் நிக்கிற படம் இதே ஃபேஸ்புக்லதான் இருக்கு. நீங்கல்லாம் லைக் போட்டீங்க. "எழுபது வயசுல முதல் ஓட்டு, வாழ்த்துகள் ஐயா"ன்னு எழுதியிருந்தீங்களாம். பேத்தி படிச்சுக் காட்டுச்சு.

சாயங்காலம் கடையில நெஸ்டர் என் பக்கத்துல வந்து உக்காந்தார். "எப்படி இருந்துச்சு, என்னங்க? எப்படிப் போட்டீங்க?"

மேசையில விரல அழுத்திக் காட்டினேன்.

எஸ்டேட்ல சம்பளத்துக்கும் கைநாட்டு, கல்யாணத்துக்கும் கைநாட்டு. ஸ்கூல்ல முதல்ல விரல்ல மை வெச்சாங்க, அப்புறம்தான் பேப்பரக் குடுத்தாங்க. வேற எதுக்கு மை வெப்பாங்க... எனக்குப் பிடிச்ச சின்னத்து மேல நல்லா அழுத்தி வெச்சேன். பார்லிமெண்ட், ஸ்டேட்டுன்னு ரெண்டு பேப்பர்லயும்.

நெஸ்டர் மொகம் மாறிடுச்சு. மெல்ல கேட்டார், "அங்க கோடு போட பேனா இருந்துச்சே?"

இருந்துச்சு. கயித்துல கட்டித் தொங்குச்சு. எழுதத் தெரிஞ்சவங்களுக்குன்னு நெனச்சேன்.

செல்லாதுன்னு அவர் சொல்லல. என் விரலையே பாத்துக்கிட்டு இருந்தார். எனக்குப் புரிஞ்சிடுச்சு.

அந்த நேரம் பாத்து கல்லாவுல இருந்து காதர் பாய், "அண்ணே, முதல் ஓட்டு யாருக்கு?"

"ஓட்டு ரகசியம்லா, பாய். கேக்கக் கூடாது"ன்னு நெஸ்டர் முந்திக்கிட்டார்.

அப்புறம் எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "உங்க ஓட்டு செல்லல. என் அக்கா ஓட்டு செல்லுச்சு... அத என்ன பண்றது, என்னங்க"ன்னார்.

கொஞ்ச நாள் கழிச்சு அவங்க ஊர்ல வெங்காயம் இறைச்சிய விட வெலை ஜாஸ்தியாம். அக்கா போன்ல அழுதுச்சாம். "ஓட்டு வாங்குனவன்கிட்ட போய்க் கேளுன்னு சொல்லுங்க"ன்னேன். என் வாய்... அவர் என்னய ஒரு பார்வை பாத்தார். மறுநாள் மைலோ, சோப்பு, பால் டின்னுன்னு ஒரு பெட்டி கட்டி அக்காவுக்கு அனுப்பினார். டேப் ஒட்டும்போது பெட்டிய நான்தான் அழுத்திப் புடிச்சேன்.

அடுத்த எலக்ஷனுக்குன்னு எனக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டே இருப்பார். மேசையில சிந்துன தே தாரிக்ல விரலத் தொட்டு, ஒரு கோடு இப்படி, ஒரு கோடு அப்படி. "கோடு, என்னங்க. பொட்டு இல்ல." யாராவது வந்தா துணியால தொடச்சிடுவார்.

என் ஓட்டு செல்லாதத அவர் யார்கிட்டயும் சொல்லல. செல்விக்கே தெரியாது. இன்னிக்குத்தான் சொன்னேன்.

அந்தப் படத்துல நீங்க போட்ட லைக்க எடுத்துக்குங்க. எனக்கு எப்படி எடுக்கிறதுன்னு தெரியல.

நாளைக்கு மத்தியானம் சர்ச்சுல பூசை. தெரிஞ்சவங்க வாங்க.

மூலை மேசையில ஆறுமுகம் போயிட்டான், கல்லாவுல காதர் பாய் போயிட்டார், இப்ப நீங்க, நெஸ்டர். போயிட்டு வாங்க, என்னங்க... ஜாகாவுக்கு மிச்சம் கைநாட்டு மாரிமுத்துதான்.