வாளியோடு நின்ற படம்

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு பிளக்ஸ் அடிக்க வேண்டும். இறந்துபோன இருளப்பசாமித் தாத்தாவுக்கு முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் இல்லை. வீட்டிலிருந்த கல்யாண ஆல்பங்களைப் பேத்தி யோகேஸ்வரி புரட்டிப் பார்த்துவிட்டாள். மேடையில் சொந்தமெல்லாம் வரிசை கட்டி நிற்கிறது, தாத்தாவைக் காணோம். பந்தியை எடுத்த ஒரே ஒரு படத்தில் இருந்தார், கையில் சாம்பார் வாளியோடு. அது அவளுடைய கல்யாணத்தில் எடுத்தது.

ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில் வேலை பார்த்தவர். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தானாக மொண்டு குடிக்க மாட்டார். யார் கல்யாணமானாலும், மண்டபத்துக்குள் கால் வைத்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே பந்திக்குப் போய்விடுவார். சமையல்காரர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. “இது சாம்பாரா, பிளவக்கல் டேம் தண்ணியா?” என்று கரண்டியைத் தூக்கிக் காட்டிக் கத்துவார். சாப்பிடுகிறவர் கையை மறித்துப் போதும் என்பதற்குள் இன்னொரு கரண்டி விழுந்திருக்கும்.

எல்லாம் யோகேஸ்வரியின் அம்மா கல்யாணத்தில் பட்ட சூடு. அன்று மாப்பிள்ளை வீட்டாரின் கடைசிப் பந்திக்குச் சோறு பற்றவில்லை. “சோறு போட வக்கில்லாத வீட்டுப் பொண்ணு” என்ற பேச்சு மாமியார் வாயிலேயே தங்கிவிட்டது. அம்மா அழுதுகொண்டு பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் தாத்தா எழுந்து வெளியே போய்விடுவார்.

யோகேஸ்வரியின் கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில். மம்சாபுரத்து மாப்பிள்ளை வீட்டார் சொன்னதற்கு மேல் இரண்டு வேன் ஆட்களோடு வந்து இறங்கினார்கள். தாத்தா தாலி கட்டுவதைக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி உலை வைக்கச் சொல்லிவிட்டு அடுப்படியிலும் பந்தியிலுமாகவே நின்றார். போட்டோவுக்குக் கூப்பிடப் போனவனிடம், “படம் எங்கலே ஓடியா போவுது? இலை போட்டு ஆளு காத்துக்கிட்டு கெடக்கு” என்றாராம். மாமியார் வீட்டில் அவளும் எத்தனையோ பேச்சு கேட்டிருக்கிறாள். சோற்றைச் சொல்லி ஒரு பேச்சு இன்றுவரை கேட்டதில்லை.

தாத்தாவின் ஒரே மகன் பாண்டிதுரை மாமாவுக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. பிளக்ஸ் கடையில் வைத்தே சொன்னார்.

“ஏட்டி, ரோட்டுல போறவன் பாத்தா சமையல் ஆளுன்னுல்ல நெனப்பான். சம்பந்தகாரவிய எல்லாம் வருவாவ.”

“நெனச்சா நெனச்சுட்டுப் போறாவ மாமா. தாத்தாவ இப்படித்தான எல்லாரும் பாத்திருக்காவ?”

“நீ சும்மா இரு. ராம்கி, தலைய மட்டும் எடு.”

கடைக்கார ராம்கி தலையை வெட்டி ஓர் உடம்பில் ஒட்டினான். பட்டுச் சட்டை, கழுத்தில் மைனர் செயின், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் யாரோ.

“ஜமீன்தார் கணக்கா ஆயிட்டாருண்ணே!”

யோகேஸ்வரி கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். இந்த ஆளுக்கா ஊர் வந்து மாலை போடப் போகிறது? அவளுக்காக அடுப்படியில் நின்றவர் எங்கே? சொல்ல வாயெடுத்தாள். மாமா திரைக்கு அருகே குனிந்துகொண்டிருந்தார்.

“ஏலே, இது யாரு கை?”

“ரெடிமேட் பாடிண்ணே. எல்லாருக்கும் இதத்தான் போடுறது.”

“எங்கய்யாவுக்கு எடது கை சுண்டுவெரல் பாதிதாம்லே. மில்லுல மிசின் இழுத்துட்டு.”

“அம்புட்டுத்தான? பாதியா வெட்டிருவம்ணே.”

மாமா நிமிர்ந்தார்.

“ஒருக்கா போன வெரல நீ வேற வெட்டுவியோ? தூக்குலே அந்தச் சட்டைய.”

பழைய படம் திரும்ப வந்தது. வியர்வையில் ஊறிய பனியன். யாரையோ அதட்டிக்கொண்டிருக்கும் வாய். வாளியைப் பிடித்த கையில் அந்தப் பாதி விரல்.

“வாளி மேல மட்டும் ரெண்டு பூ வச்சு மறைச்சிரவாண்ணே?”

“ஒண்ணையும் மறைக்காத.”

மாமாவின் போன் அடித்தது. அவர் மனைவி பரிபூரணம் அத்தை.

“ஆமா, முடிஞ்சிட்டு... வாளியோடதான். வாரவன் வரட்டும், பாக்குறவன் பாக்கட்டும். ஏட்டி, நம்ம அய்யா என்னைக்கு சேர்ல உக்காந்தாவ?”

யோகேஸ்வரி ராம்கியிடம் திரும்பி, இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னாள்.