இரண்டடி தூரத்துச் சரவிளக்கு

மகளின் புது வீட்டுக்கு விளக்கு பார்க்கப் போயிருந்தோம். கடைக்காரர் வினிகர் தண்ணீரில் துணியை நனைத்து, சரவிளக்கின் ஒரு படிகத்தைத் துடைத்துக் காட்டினார். அந்தப் புளிப்பு வாடை மூக்கில் ஏறியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அறுபதுகளில், திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் அரிசிக்கடை வைத்திருந்த என் பெரியப்பா, ஏதோ அரண்மனையில் கழித்துப்போட்ட சரவிளக்கை வாங்கிவந்து எங்கள் தாழ்ந்த ஓட்டு வீட்டில் தொங்கவிட்டார். அதன் கீழே எல்லோரும் குனிந்துதான் நடந்தோம், அவரைத் தவிர. அவர் குள்ளம்.

வெள்ளிக்கிழமைதோறும் அம்மா படிகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வினிகர் தண்ணீரில் கழுவி மாட்டுவாள். தம்பி பெண்டாட்டியிடம் நேராகப் பேசுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. அதனால் பெரியப்பா இரண்டடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொல்வார்.

"ஒங்கம்மைகிட்ட கேளு பிள்ளே, கண்ணு அவிஞ்சு போச்சான்னு."

நான் அப்படியே கேட்பேன். அவருடைய வசவையெல்லாம் அம்மா என் வாயால்தான் வாங்கினாள்.

வெடித்த விரலில் வினிகர் பட்டு எரிந்த ஒருநாள், அம்மா என்னிடம் சொன்னாள்: "வேணும்னா அவியளே தொடைக்கட்டும்னு சொல்லு."

பெரியப்பா காதில் விழாததுபோல் என்னையே பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"அவருக்கு இதுதான் வேணுமாம், அம்மா," என்று விளக்குக் கடையில் மகள் தன் கணவரைக் காட்டினாள்.

"வேணும்னா அவரையே தொடைக்கச் சொல்லு," என்றேன்.

மாப்பிள்ளை இரண்டடி தூரத்தில்தான் நின்றிருந்தார்.