என்னைக் கேட்காமல் வந்த பதில்

சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலை. கல்யாணத்துக்கு முன்பே அங்கே சேர்ந்தவள் நான். தரப் பரிசோதனையில் ஆரம்பித்து, உற்பத்தி மொத்தத்துக்கும் பொறுப்பாளராக உயர்ந்திருந்தேன். சீசனில் மாங்காய் லாரிகள் ரோட்டை அடைத்து நிற்கும்போது டிரைவர்களோடு மல்லுக்கட்டியதும் நான்தான், பாய்லர் நின்றுபோனால் மெக்கானிக்கைத் தேடி ஓடியதும் நான்தான். பழைய ஜி.எம். ஓய்வு பெற்றபோது, அடுத்தது நான்தான் என்று செக்யூரிட்டிகூட எழுந்து நின்று வணக்கம் வைக்க ஆரம்பித்துவிட்டார்.

உத்தரவு வந்தது. என்னிடம் வேலை பழகிய ஒருவருக்கு.

அவருக்குக் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னேன். அவருக்கே சங்கடம். "உங்களுக்கு வேணாம்னு வீட்ல சொல்லிட்டாங்கன்னு எம்.டி. சொன்னாரே மேடம்" என்றார்.

சாயங்காலம் கணவரைக் கேட்டேன். மின்சார அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். ஷூவைக் கழற்றிக்கொண்டே, சிலிண்டர் வந்த விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஆமா, போன மாசம் உங்க எம்.டி. போன் பண்ணாரு. ஜி.எம். ஆனா வாரத்துல பாதி நாள் திருப்பதி ஆபீஸ்ல இருக்கணும், வீட்ல ஒத்து வருமான்னாரு. பாப்பாக்குப் பத்தாவது, இந்த வருசம் வேணாம் சார்னேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீயே ஓடிக்கினு கீற. சொன்னா இன்னும் டென்ஷன் ஆவியேன்னுதான்."

"அது எனக்கு வந்த வேலையா, உனக்கு வந்த வேலையா?"

கல்யாணமான நாளிலிருந்து அவரை 'நீங்க' என்றே பேசியவள். அன்று 'உனக்கு' என்று வந்துவிட்டது. அவருக்குக் கோபம் வந்தது அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

மறுநாள் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். எம்.டி. காபி வரவழைத்தார். "நம்ம கம்பெனியே ஒரு குடும்பம்தானேம்மா, அந்த உரிமையில கேட்டேன்" என்றார் தெலுங்கில்.

நானும் தெலுங்கிலேயே கேட்டேன். "அவரைப் போட்டீங்களே, அவர் மனைவிக்கு போன் பண்ணீங்களா சார்? அந்தப் பொண்ணுக்கு இது எட்டாவது மாசம்."

சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற கணக்கு அதிகாரியும் சேர்ந்து சிரித்தார். காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன். பஸ்ஸில் அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடைதான் வலித்தது.

அடுத்த சீசனுக்குள் வேறு வேலை தேடிக்கொண்டேன். புத்தலப்பட்டுப் பக்கம் ஒரு சின்ன யூனிட், ஆனால் தலைமைப் பொறுப்பு. நேர்முகத்தில் முதலாளி கேட்ட முதல் கேள்வியே, "வீட்டுக்காரர் ஒத்துக்கினாராம்மா?"

"நான் ஒத்துக்கினேன். வேற யாரையாச்சும் கேக்கணும்னா நான் கிளம்பறேன் சார்."

அடுத்த கேள்வி பாய்லரைப் பற்றி. வேலை கிடைத்தது.

போன ஆவணியில் நகரியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் என் கணவர் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் சப்போர்ட் பண்ணலன்னா இவ இந்த அளவுக்கு வந்திருப்பாளா?"

"வந்திருப்பேன்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "இன்னும் சீக்கிரமாவே வந்திருப்பேன். எனக்கு வந்த வேலைய வேணாம்னு சொன்னதே இவருதான்."

சாம்பார் ஊற்ற வந்தவர் வாளியோடு நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்த நாத்தனார் என் தொடையைக் கிள்ளினாள். கையைத் தட்டிவிட்டுச் சாப்பிட்டேன்.